செம்புக்கும் புங்க எண்ணெய்க்கும் ஆகாது

ஆயில் எஞ்சின் ரிப்பேர்க் கடைக்கு யாரும் நல்ல செய்தி கொண்டு வருவதில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கூட, வெற்றிலை பாக்கை நீட்டிய கையோடு, "அப்படியே இந்த நாசிலையும் ஒரு பார்வை பாத்துருங்க" என்று மடியிலிருந்து எடுத்து வைப்பார். கிணற்று மேட்டில் எஞ்சினோடு மல்லுக்கட்டி, தோள்பட்டை கழன்றுபோகும்படி கைப்பிடியைச் சுற்றி, கடைசியில் கோபத்தில் அதை ஓர் உதை விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாம் எல்லாம் ஒரே கட்சி.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கும் முனியப்பாவுக்கும் கூட்டாக ஒரு கடை இருந்தது. பம்பு, எண்ணெயைப் பீச்சுகிற நாசில், ஃபில்டர் எல்லாம் என் பக்கம். லேத்தும் வெல்டிங்கும் அவர் பக்கம். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மனிதர்களிடம் தமிழில் பேசுவார். இரும்பைத் திட்டுவது மட்டும் கன்னடத்தில்தான். நான் சொல்வது எழுபதுகளில் டீசல் கிடைக்காமல் ஆளாளுக்குப் பீப்பாயும் கையுமாக அலைந்த காலத்துச் சங்கதி. இன்றைக்குத் தாவர எண்ணெயைப் பக்குவப்படுத்தி பயோடீசல் என்று பெயர் வைத்து, அது எந்த உலோகத்துக்கு ஒத்துக்கொள்ளும், எதற்கு ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் பேசுகிறார்கள். அன்றைக்கு எங்களிடம் வந்தது பக்குவம் ஏதும் பார்க்காமல் செக்கிலிருந்து நேராக இறங்கிய புங்க எண்ணெய். ஒத்துக்கொள்ளாத கதையை மட்டும் நாங்கள் வயிறார அனுபவித்துவிட்டோம்.

கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சை

லூர்தம்மா முதன்முதலில் கடைக்கு வந்தபோது கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. யாருக்கோ சாப்பாடு கொண்டு போகிறவர் வழி கேட்க நிற்கிறார் என்று நினைத்தேன். மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே எஞ்சின் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணம், அது நிறையப் பச்சைப் பசேலென்று கூழ். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். வீட்டுக்காரர் இறந்த பிறகு நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறார். டீசல் கிடைக்கவில்லை என்றதும் வரப்போரத்துப் புங்க மரங்களின் காயைப் பொறுக்கிக் காயவைத்து, செக்கில் கொடுத்து ஆட்டி, அந்த எண்ணெயில் எஞ்சினை ஓட்டியிருக்கிறார். கிளப்பும்போது கொஞ்சம் டீசல், எஞ்சின் சூடேறியதும் புங்க எண்ணெய், நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி கொஞ்சம் டீசல். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லையாம். தப்புப் பண்ணிப் பண்ணித் தானாகவே பிடிபட்டதாம். எனக்கு அப்போதே அவர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

விஷயம் ஃபில்டரோடு நிற்கவில்லை. அவர் நிலம் முழுக்கச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்டிருந்தார். கொழுந்தனார் சவரிமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. பொம்பளையால் எஞ்சினையும் கரும்பையும் கட்டி மேய்க்க முடியாது, நிலத்தை என் பொறுப்பில் விடச் சொல்லுங்கள் என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டியிருக்கிறார். லூர்தம்மாவும் அந்தக் கூட்டத்திலேயே, இந்தக் கரும்பு வெட்டுக்குப் போகாமல் காய்ந்துபோனால் நிலத்தை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. அதை ஏற்றும் எஞ்சின் இரண்டு வாய் எண்ணெய் குடித்ததும் நின்றுவிடுகிறது.

டேங்கிலிருந்து ஃபில்டருக்குப் போகிற குழாய் செம்பு. முனியப்பா கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பாசி புடிச்சிருக்குதா?" என்றார். லூர்தம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பாசி இல்லீங்க, களிம்பு. எங்க வூட்டு மாதா படத்துக்கு முன்னால எரியற பித்தள வெளக்குலயும் இதேதான் வழியுது. வெளக்க வாராவாரம் புளி போட்டுத் தேய்ச்சிருவேன். இந்தக் கொழாய்க்குள்ள யாருங்க கைய வுட்டுத் தேய்க்கறது?"

ஈயம் பூசின குழாய்

செம்பை எடுத்துவிட்டு இரும்பில் குழாய் போடலாம், தேடி வைக்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். அந்த அளவில் மெல்லிய இரும்புக் குழாய் லேசில் அகப்படவில்லை. அதற்குள் அவர் ஊருக்கு ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு வந்து மரத்தடியில் அடுப்பு மூட்டிவிட்டார். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்றுதானே உள்ளே ஈயம் பூசுகிறோம்? குழம்புக்கு ஆகிற வைத்தியம் எஞ்சினுக்கு ஆகாதா? எங்கள் பக்கத்தில் சமையல் தெரிந்த யாரும் இந்த நியாயத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது. லூர்தம்மா ஃபில்டரின் பித்தளை உடம்பையும் செம்புக் குழாயையும் கழற்றிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டார்.

ஃபில்டருக்கு வெள்ளி மாதிரிப் பூசிக் கொடுத்திருக்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குழாயில்தான் வந்தது வினை. உள்ளே துணி போகாது, விரல் போகாது. உருக்கிய ஈயத்தை ஒரு முனையில் ஊற்றிக் குலுக்கியிருக்கிறார். அது மறுமுனைக்கு வருவதற்குள் நடுவிலேயே உறைந்து உட்கார்ந்துவிட்டது. லூர்தம்மா கடைக்குக் கொண்டுவந்த அந்தக் குழாயை முனியப்பா வாயில் வைத்து ஊதிப் பார்த்தார், கண் பிதுங்கியதுதான் மிச்சம். பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய இரும்புக் குழாய் அன்றைக்குத்தான் எங்களுக்குக் கிடைத்திருந்தது. அதை வளைத்துக் கொடுத்தோம். ஃபில்டரில் பூசின பளபளப்பும் புங்க எண்ணெய் பட்டுக் கொஞ்ச நாளில் மங்கிச் சாம்பல் நிறத்தில் பிசுபிசுக்க, அதையும் எடுத்துவிட்டு இரும்பு வார்ப்பில் பழையது ஒன்றைப் போட்டோம். இத்தனை அலைச்சலிலும் லூர்தம்மா சிரித்துக்கொண்டேதான் நின்றார். "அந்த ஈயக்காரரு வேல முடியற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதாங்க கேட்டாரு, 'ஏம்மா, இத்தினிக்கூண்டு கிண்ணத்துல எத்தன பேருக்கும்மா கொழம்பு வெப்பீங்க'ன்னு."

முனியப்பாவின் சீசாக்கள்

இரும்புக் குழாய் போட்டதும் பச்சை போய்விட்டது. அப்பாடா என்று உட்காரலாம் என்றால், ஃபில்டரில் இப்போது வெள்ளையாக ஒரு களி. முனியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மருந்துக் கடையிலிருந்து காலி சீசாக்களை வாங்கி வந்து புங்க எண்ணெயை ஊற்றி, ஒன்றில் செம்புக் கம்பித் துண்டு, ஒன்றில் பித்தளை நட்டு, ஒன்றில் பற்றவைக்கிற ஈயம், ஒன்றில் துத்தநாகம் பூசின தகரம், ஒன்றில் இரும்பு ஆணி, ஒன்றில் உடைந்த அலுமினியக் கரண்டி என்று போட்டு லேத்துக்கு மேல் பலகையில் வரிசையாக வைத்தார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் முதலில் சீசாக்களைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் எஞ்சினைப் பற்றியே பேசினார்கள். அந்த மனிதருக்குப் படிப்பு வாசனை அதிகம் இல்லை என்பதெல்லாம் கிடக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிற குணம் இருந்தது. அது எனக்குக் கிடையாது. நான் பொறுக்க மாட்டாமல் சீசாவைக் குலுக்கிவிடுவேன், அவர் கன்னடத்தில் என்னைத் திட்டுவார். அந்தச் சமயத்தில் நானும் இரும்பில் சேர்த்தி.

செம்பும் பித்தளையும் பச்சையாகக் கக்கின. ஈயம் மங்கிப் பிசுபிசுத்தது. துத்தநாகத் தகரம் கிடந்த சீசாவில் லூர்தம்மா ஃபில்டரில் பார்த்த அதே வெள்ளைக் களி. இரும்பும் அலுமினியமும் போட்டபடியே கிடந்தன. குற்றவாளி தெரிந்துவிட்டது. அவர் எஞ்சினுக்கு மேல் சுவரில் மாட்டியிருந்த டேங்க் துத்தநாகம் பூசின தகரத்தில் செய்தது. அலுமினியத்தில் டேங்க் செய்யத் தகடுக்கு எங்கே போவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கடைக்கு வந்திருந்த லூர்தம்மா எழுந்து போனார். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார், இடுப்பில் ஓர் அலுமினிய அண்டா. வீட்டில் ஆட்களுக்கு எல்லாம் சோறு வடிக்கிற அண்டா அது. முனியப்பாவுக்கு அதில் துளை போட மனசு வரவில்லை, துளைக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். லூர்தம்மாதான் அதட்டினார். "போடுங்கண்ணா. சோறு மண்சட்டியிலகூட வேகும். மொதல்ல எஞ்சின் சாப்புடட்டும்."

தொப்பூரில் ஒரு சோப்புக் கட்டி

நடுவில் ஒரு லாரி டிரைவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு கேட்காது. சேலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். தொப்பூரில் பஸ் நின்ற சாப்பாட்டுக் கடை ஓரமாக ஒரு லாரி நின்றது, டேங்குக்கு அடியில் டிரைவர் மல்லாந்து படுத்திருந்தார். டீசல் போதாமல் புங்க எண்ணெய் கலந்து ஓட்டியிருக்கிறார். டேங்கின் மூட்டில் பற்றவைத்திருந்த ஈயத்தை எண்ணெய் அரித்து ஒழுக ஆரம்பித்துவிட்டது. மனிதர் பதறவில்லை. குளியல் சோப்பைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, ஒழுகின இடம் முழுக்க அப்பி, மேலே துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். பாரத்தோடு மேட்டில் ஏற வேண்டிய வண்டி. நான் பஸ்ஸை விட்டு இறங்கி அவரோடேயே லாரியில் ஏறிக்கொண்டேன். தருமபுரி வரைக்கும் ஒரு சொட்டு விழவில்லை.

முனியப்பா டேங்கைக் கழற்றித் தண்ணீர் விட்டு அலசு அலசு என்று அலசி, எண்ணெய் வாடையே இல்லை என்று தெரிந்த பிறகுதான் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவந்தார். பழக்க தோஷத்தில் பித்தளைக் கம்பியை எடுத்தவர், தலைக்கு மேலிருந்த சீசாக்களைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்து இரும்புக் கம்பியால் வெல்டிங் பண்ணினார். டிரைவர் அதுவரை கடை வாசலில் துண்டும் தோளுமாக உட்கார்ந்திருந்தார். அவர் சாமர்த்தியத்தை நான் வாய் ஓயாமல் புகழ்ந்தேன். அதற்கு அவர் சொன்னது: "அட போங்கண்ணா, குளிக்கலாம்னுதான் அந்த சோப்ப வாங்குனேன். வண்டி குளிச்சிருச்சு, நா இன்னும் குளிக்கல."

செக்குக்காரரின் மரியாதை

வெயில் ஏறிக் கரும்புத் தோகை சுருளுகிற சமயம். லூர்தம்மாவிடமிருந்து ஆள் வந்தது. எஞ்சின் மறுபடியும் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வயலுக்கு வருகிறேன் என்று சவரிமுத்து சொல்லி அனுப்பியிருக்கிறாராம். நானும் முனியப்பாவும் சாமான் பையோடு பஸ் ஏறினோம். போய்ப் பார்த்தால் ஃபில்டரில் பழையபடி பச்சைக் கூழ். குழாய் இரும்பு, ஃபில்டர் இரும்பு, டேங்க் அலுமினியம். முனியப்பா தானே கடைந்து போட்ட இரும்பு மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுரண்டிப் பார்த்தார். எதிலும் செம்பும் இல்லை, பித்தளையும் இல்லை. லூர்தம்மா வரப்பில் நின்று கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் முகத்தில் சிரிப்பைக் காணோம். இந்தத் தடவை நாங்கள் தோற்றால் நிலத்தைத் தோற்பது நாங்கள் இல்லையே.

பிறகு அவரே, செக்கிலிருந்து வந்த எண்ணெயைக் குண்டானோடு தூக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "அண்ணா, இது வரும்போதே பச்சையா இருக்குதுங்க" என்றார். மூன்று பேரும் செக்குக்காரர் வீட்டுக்கு ஓடினோம். அவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். லூர்தம்மாவின் எண்ணெயை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் பெருமையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒரு பெரிய செம்புத் தவலை, துணியால் வாய் கட்டி, மேலே தட்டு போட்டு மூடி. வாரக்கணக்கில் எண்ணெய் அதிலேயே கிடந்திருக்கிறது. "ஒத்தப் பொம்பளையா நின்னு கரும்பக் காப்பாத்தறாங்க. அவங்க எண்ணெய்ய எல்லாத்தோடயும் சேத்துத் தகர டின்னுலயா ஊத்தி வெப்பேன்? எங்கம்மா கல்யாணத்துக்கு வந்த தவலைங்க இது!" என்றார். முனியப்பாதான் கும்பிட்டு, மரியாதையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மண்பானையில் ஊற்றிவைக்கச் சொன்னார்.

விஷயம் புரிந்ததும் செக்குக்காரர் வேறு வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு அப்போதே மாட்டைப் பூட்டிப் புதுசாக ஆட்டிக் கொடுத்தார். பச்சை எண்ணெயை வண்டி அச்சுக்கு வைத்துக்கொண்டார். நான் நாசிலையும் பம்பையும் மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் எஞ்சின் பிடித்தது, விடிந்த பிறகும் நிற்கவில்லை. பூசை முடிந்து பெரியவர்கள் வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சவரிமுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்களில் மூத்தவர் வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டு மேட்டுக்கு வந்து உரக்கச் சொன்னார்: "எஞ்சின் ஓடலன்னு பேசத்தானய்யா கூப்ட்ட? இது ஓடற சத்தத்துல பேசவே முடியல, வாங்க வூட்டுக்குப் போலாம்."

கொழுந்தனார் வந்த நாள்

கரும்பு வெட்டுக்குப் போயிற்று. வண்டி வண்டியாக ஏற்றி அனுப்பினார்கள். லூர்தம்மா ஆலைக்குப் போகிற முதல் வண்டியின் மேலே தானே ஏறி உட்கார்ந்துகொண்டு போனதாகக் கேள்விப்பட்டோம். அதற்கப்புறம் ஒரு நாள் கடைக்கு எதிரே டீக்கடையில் சவரிமுத்து நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். ஒரு டீ குடித்தார், இன்னொரு டீ குடித்தார். எங்கள் கடையில் இருந்தவர்கள் எல்லாம் போன பிறகு மெதுவாக உள்ளே வந்து, தெரிந்தவர் ஒருவரின் எஞ்சின் என்று சொல்லி மஞ்சள் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து வைத்தார். உள்ளே பச்சைப் பசேலென்று கூழ். முனியப்பா சிரிப்பை அடக்க லேத்தை ஓடவிட்டார்.

அந்த நேரம் பார்த்தா லூர்தம்மா வர வேண்டும்? நாசில் சுத்தம் பண்ண வந்தவர், கொழுந்தனாரையும் பார்த்தார், கிண்ணத்தையும் பார்த்தார். சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு, "என் எஞ்சின்தாங்க அண்ணி. டீசல் கெடைக்கல, நானும் புங்க எண்ணெ ஊத்தினேன்" என்றார். எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறார் இந்த அம்மாள்! இன்றைக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் குரலையே உயர்த்தவில்லை. இரும்புக் குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்று எனக்குக் கையால் அளந்து காட்டினார், எண்ணெயை மண்பானையில் வைக்கச் சொன்னார், கிளப்பவும் நிறுத்தவும் கொஞ்சம் டீசல் எப்போதும் தனியாக வைத்திருக்க வேண்டும் என்றார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நாசிலை என் கையில் கொடுத்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்: "மொதல்ல செம்புக் கொழாயக் கழட்டுங்க தம்பி. அப்பவும் ஓடலன்னா சொல்லுங்க, உங்க நெலத்தையும் நானே பாத்துக்கறேன்."

குழாய் செம்பா இரும்பா என்று புங்க எண்ணெய் சில வாரத்தில் சொல்லிவிட்டது. லூர்தம்மா எதனால் ஆனவர் என்று சவரிமுத்துவுக்குத் தெரியத்தான் ஒரு கரும்பு வெள்ளாமை முழுசும் ஆயிற்று.